குரூசேடரும் எங்கள் டோசரும்

மெக்கானிக்குகளுக்கான மாலை வகுப்பில் எனக்குக் கிடைத்த தலைப்பு, இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கப் பாலைவனச் சண்டையில் பிரிட்டிஷ் டாங்கிகள் ஏன் அடிக்கடி நின்றுபோயின என்பது. தலைப்பைக் கொடுக்கும்போதே குஞ்சிதபாதம் சார் விடையையும் சொல்லிவிட்டார். "ஓட்டினவனுக்கு மெயின்டனன்ஸ் தெரியாது. அதை விரிவா எழுதிக்கிட்டு வாம்மா, போதும்."

சார் பகலில் ஒரு காண்ட்ராக்டரிடம் பராமரிப்பு இன்ஜினியர். நான் அதே காண்ட்ராக்டரின் உதிரிபாக ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் இளம்பரிதி அண்ணன் அங்கே மண் தள்ளும் டோசர் ஓட்டுகிறவர். போன வாரம் அவருடைய டோசரின் எஞ்சின் புழுதி ஏறி இறுகிப்போனது. காற்று ஃபில்டரை அவர் துடைக்கவில்லை என்று சார் மேலிடத்தில் சொல்லிவிட்டார். நான் வகுப்பில் பேச வேண்டிய நாளுக்கு மறுநாள்தான் விசாரணை. பழி அவர்மேல் விழுந்தால், இனி எந்தக் காண்ட்ராக்டரும் அவரை நம்பி வண்டி தரமாட்டார்.

நான் படித்ததோ வேறு மாதிரி இருந்தது. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகத்தில் வேறு புத்தகங்களோடு ஒப்பிட்டும் பார்த்தேன். குரூசேடர் டாங்கியில் காற்று வடிகட்டிகளைப் பின்பக்கம், சங்கிலித் தடத்துக்கு மேலே வைத்திருந்தார்கள். தடம் வாரியடிக்கும் புழுதி நேராக அங்கேதான் போகும். தண்ணீர் பம்பு ஒழுகும். சில டாங்கிகள் கப்பலிலிருந்து இறங்கியபோதே போல்ட்டுகள் இறுகாமல் இருந்தன. தங்கள் நாட்டு ரயில் பாதைக்குள் அடங்க வேண்டும் என்று அகலத்தையும் குறுக்கியிருந்தார்கள்.

இதையெல்லாம் பலகையில் வரைந்து காட்டினேன். "இந்த இடத்துல வச்சா, துடைச்சு மாட்டின கையோட அடைச்சுக்கும் சார்."

"அப்போ தப்பு யார் மேல? செத்துப்போன வெள்ளைக்காரன் மேலயா?" என்றார் சார். வகுப்பே சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம டோசர்லயும் அதேதானே சார்? எஞ்சினுக்குக் காத்து இழுக்க நிமிர்ந்து நின்ன காற்றுக் குழாய், டிரெய்லர்ல ஏத்தினா ரோட்டுக்கு மேல போற கன்வேயர் பாலத்துல இடிக்குதுன்னு அதை வெட்டி, மடக்கி, தடத்துக்கு மேல வச்சாங்க. வெட்டச் சொன்னது நீங்க."

சிரிப்பு நின்றது. "டாங்கி வேற, டோசர் வேற. உட்காரும்மா."

உட்கார்ந்தேன். ஒருவேளை வேறுதானோ என்று உடனே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலும் கோபம் வந்தது.

வகுப்பு முடிந்ததும் வண்டி நிறுத்தும் இடத்தில் இளம்பரிதி அண்ணன் மறித்தார்.

"யாரு உன்னைக் கேட்டா வளரு? நான் தப்பை ஒத்துக்கினா ஹெல்பராவாவது வச்சுக்கிறேன்னு நம்ம சாரு சொல்லிக்கினு இருந்தாரு. அதையும் கெடுத்துட்டியே!"

"நீங்க ஃபில்டரைத் துடைச்சீங்களா இல்லையாண்ணா?"

"ஷிஃப்டுல ரெண்டு தடவை துடைச்சேன்! சோறு துன்ன நேரத்தைவிட அதைத் தட்டிக்கினு இருந்த நேரம்தான் ஜாஸ்தி!"

"அப்புறம் என்னத்தை ஒத்துக்கப் போறீங்க?"

அவர் என் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "வாய் கிழியப் பேசுறியே, நாளைக்கு என் பக்கத்துல வந்து நிப்பியா? உன் வேலையும் போவும்."

தயங்கினேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. "நிக்கிறேண்ணா" என்றேன்.

காலையில் நாங்கள் ஷெட்டுக்குப் போனபோது, அந்த டோசரில் காற்றுக் குழாய் மறுபடி உயரமாக நின்றுகொண்டிருந்தது. வெல்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார். விசாரிக்க வந்த மேனேஜர் தெய்வசிகாமணியிடம் சார் நிதானமாகச் சொன்னார்: "பாருங்க சார், தயாரிச்ச கம்பெனி வச்சபடியே இருக்கு. இவன்தான் துடைக்கலை."

நான் முன்னால் போய் நின்றேன். "அந்த வெல்டிங்கைத் தொட்டுப் பாருங்க சார்."

"ஸ்டோர்ல இருக்கிற பொண்ணுக்கு இங்க என்ன வேலை?" என்று குஞ்சிதபாதம் சார் சீறினார்.

"தொட்டுப் பாருங்க சார்!"

மேனேஜர் விரலை நீட்டினார். சூடு தாங்காமல் சுரீரென்று இழுத்துக்கொண்டார்.

"குஞ்சிதபாதம், இது எப்ப வச்சது?"

சார் வெல்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கறாரு இல்ல, சொல்லுங்க சார்!" இளம்பரிதி அண்ணனின் கத்தலில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. "இன்னாத்துக்கு முழிக்கிறீங்க? என்னை ஒத்துக்கச் சொன்னீங்களே, இப்ப நீங்க ஒத்துக்குங்க!"