சோற்றுக் கிண்ணம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

நிலவுக்கே மனிதன் போய்க் கால் வைத்துவிட்டு வந்துவிட்டான். எங்கள் ஊரில் மட்டும் அறுவடைப் பௌர்ணமி வந்தால், படையலில் வைத்த சோற்றுக் கிண்ணம் சுவரைப் பார்க்க வேண்டுமா, ஆளைப் பார்க்க வேண்டுமா என்கிற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது, கண்மணிகளே. பொங்சுனுக்கு என்னைவிட அலுத்திருக்கும். சமைக்கிறவள் அவள்தானே.

பொங்சுன் என் அடுத்த வீட்டுக்காரி, மா குடும்பத்து மருமகள். அவளுடைய மாமனார் யுன்போ எங்கள் சொந்தோ மார்க்கத்தில் ஊறிப்போன மனிதர். பழைய பேரில் சொன்னால் தொங்ஹாக். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் வானம் குடியிருக்கிறது என்பதுதான் எங்களுக்கு எல்லாம்; மற்றதெல்லாம் அதன் பின்னால் வருவது. அதைச் சொன்னதற்காக முதல் குருவின் தலையை வெட்டினார்கள். இரண்டாம் குரு ஒரு துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் மலை மலையாக ஒளிந்து திரிந்தார். அப்படித் திரிந்தவர் ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்டு, நெய்வது யார் என்று விசாரித்தாராம். என் மருமகள் என்றாராம் வீட்டுக்காரர். மருமகளா, வானமா என்று திருப்பிக் கேட்டாராம் குரு. செத்தவர்கள் சுவருக்குள் இல்லை, உங்களுக்குள் இருக்கிறார்கள், ஆகவே படையலை உங்களைப் பார்த்து வையுங்கள், ஒரு கிண்ணம் தெளிந்த நீர் இருந்தாலே போதும் என்று மேசையைத் திருப்பியவரும் அவர்தான்.

யுன்போ இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. மருமகள் வீட்டுக்கு வந்த அன்றே அவளைக் குனிந்து வணங்கினார். பாவம், பயந்துபோய் அழுதேவிட்டாள். சாப்பிடுமுன், தூங்குமுன், வெளியே போகுமுன் எல்லாவற்றையும் மனசுக்குள் வானத்திடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார். கழிப்பறைக்குப் போகுமுன்பும் சொல்வார். பின்னால் அவசரத்தோடு நிற்கிறவர்கள் பாடு பெரும்பாடு. கொதிநீரை முற்றத்தில் கொட்டவிடமாட்டார், மண்ணுக்குச் சுடுமாம். குறை சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் படையல் நாளில் அடுக்களையில் கிடந்த மருமகளைக் கூப்பிட்டு, "வாங்கம்மா, உங்களைப் பாத்துத்தான் சோறு வெச்சிருக்கு" என்று ஆண்கள் வரிசையில் பக்கத்தில் உட்காரவைத்த மாமனார் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

நான் சொல்லப்போகிற வருடம் வசந்தத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு வந்த முதல் அறுவடைப் பௌர்ணமி இது. முதல் பௌர்ணமியில் எப்படி வைக்கிறார்களோ அப்படியேதான் அந்த வீட்டில் காலத்துக்கும் நிற்கும். சுவரைப் பார்த்து வைத்துவிட்டால் பொங்சுன் திரும்பவும் அடுக்களைக்குத்தான், சாகிறவரைக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரியாத மாதிரி இருந்தவன் அவள் புருஷன் தேயுல். நல்லவன். யார் எது சொன்னாலும் "சரி" என்பான், அதுதான் தொல்லை. அவனுடைய சித்தப்பா சங்போவுக்கு அண்ணனுடைய மார்க்கம் ஆகாது. அண்ணன் இருந்தவரை இந்த வீட்டுப் படையலுக்கு எட்டிப்பார்க்காதவர், இந்த வருடம் தானே வந்து முறைப்படி நடத்துவதாகச் சொல்லியனுப்பினார். தேயுல் சரி என்றான். மாமா சொன்னபடி நம் பக்கம் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றாள் பொங்சுன். அதற்கும் சரி என்றான்.

பண்டிகை அன்று காலையில் நான் பூசணித் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்துக் கொடுக்கப் போயிருந்தேன். அடுக்களை வாசலில் வந்து நின்றான் தேயுல்.

"ரெண்டு தடவ வெச்சிடலாம், ஹேரான் அம்மா. சித்தப்பா இருக்கறப்ப சுவத்தப் பாத்து. அவரு போனதும் திருப்பிக்கலாம்."

"அவரு சாப்பிடாம போவாரா?"

"போகமாட்டாரு."

"அப்ப ரெண்டாவது தடவைக்கு என்ன இருக்கும்? மீன் முள்ளா?"

பொங்சுன் மேசையைத் தன் பக்கம் பார்த்தே வைத்தாள். சோறும் சேப்பங்கிழங்கு சூப்பும் ஆட்கள் உட்காரும் பக்கம்; பழங்கள் சுவரோரம், மடிப்புத் திரையை ஒட்டி. நடுவில் தெளிந்த நீர்க் கிண்ணம். அவள் கொழுக்கட்டை எடுக்க உள்ளே வந்த நேரம் பார்த்து, வாசலில் சித்தப்பாவின் இருமல் கேட்டது. தேயுல் பதறிப்போய் மேசையைத் தூக்கி அப்படியே திருப்பிவிட்டான். சூப் பாதி பாயில்.

உள்ளே வந்த சித்தப்பா சூப்பைப் பார்க்கவில்லை. பழத்தைப் பார்த்தார்.

"என்னடா இது? சிவப்புப் பழம் மேற்கே நிக்குது, வெள்ளைப் பழம் கிழக்கே நிக்குது. இதுகூட தெரியாத வீடாடா?"

"தெரியும் சித்தப்பா. அது... மேசை..."

"மேசைக்குக் காலிருக்கு, நடக்குமா?"

முழங்காலிட்டுச் சீமைப்பனிச்சை, பேரிக்காய், இலந்தை எல்லாவற்றையும் ஒன்றொன்றாக இடம் மாற்றி வைத்துவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் பொங்சுன் வந்தாள். மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். தேயுல் மறுமுனையைப் பிடித்தான். திருப்பினார்கள். திருப்பியதோடு விட்டானா? சித்தப்பா திட்டுவாரே என்று சிவப்பையெல்லாம் மறுபடி கிழக்கே மாற்றி அழகாக அடுக்கினான். அதுதான் வினை. சித்தப்பா வந்து சத்தம் போட்டு மேசையைத் திரும்பத் திருப்பச் சொன்னபோது சிவப்பு மறுபடி மேற்கே போய் நின்றது. காய்ந்த மீன் கீழே விழுந்தது. தட்டில் இருந்த கஷ்கொட்டைகள் அலமாரிக்கு அடியில் ஓடின. இரண்டு ஆண்பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கொட்டை பொறுக்கினார்கள்.

"கொழுக்கட்டைக்கே தல சுத்துது, விடுங்கய்யா" என்றேன் நான் வாசலில் இருந்து.

"நீங்க பொரிக்கிற வேலையப் பாருங்க" என்றார் சித்தப்பா. எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு பொங்சுனைப் பார்த்தார். "ஏம்மா, மேசையத் திருப்பி வெச்சா செத்தவன் பின்பக்கமா கைய நீட்டியா சாப்பிடுவான்?"

"அவரு சுவத்துல இல்ல, சின்ன மாமா. நமக்குள்ளதான் இருக்காரு."

"எனக்குள்ள இருக்கான், சரி. தேயுலுக்குள்ள இருக்கான், ரத்தம். உனக்குள்ள எப்படிம்மா இருப்பான்? நீ யொம் வீட்டுப் பொண்ணு. உனக்குள்ள இருந்தா உங்கப்பன்தான் இருப்பான்."

பொங்சுன் முகத்தில் அறை வாங்கினவள் மாதிரி நின்றாள். தேயுல் ஏதாவது சொல்வான் என்று நான் காத்திருந்தேன். அவன் ஒரு கொட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சித்தப்பாவுக்கே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று தோன்றியிருக்க வேண்டும். குரலை இறக்கினார்.

"எங்க தாத்தா தொங்ஹாக் கலகத்துல மூங்கில் ஈட்டியத் தூக்கிட்டுப் போயி கோங்ஜு மலைப்பக்கம் செத்தாரு. பொணம்கூட வரல. எங்கப்பா பேர மாத்திக்கிட்டு ஊர் ஊரா ஓடினாரு. இந்த ஊருல வந்து குடியேறினப்ப, சுவத்தப் பாத்துப் படைச்சதாலதான் எங்கள யாரும் காட்டிக்கொடுக்கல. பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப்பாத்தா சுவத்தப் பாத்துச் சோறு இருக்கணும். சின்ன வயசுல நான் வாசல்ல நின்னு ஆள் வருதானு பாப்பேன். உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?"

"இப்ப யாரும் தேடி வரலையே, சின்ன மாமா."

"வரல. அதுக்காகப் பழக்கம் போயிடுமா? பேச்சு போதும். சோறு சுவத்தப் பாத்துத்தான் இருக்கும். நீ உள்ள போ, நாங்க கும்புடணும்."

பொங்சுன் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க?"

"சித்தப்பா சொல்றதும் சரிதான்... அப்பா சொன்னதும்..."

"நான் சொல்றது?"

"அதுவும் சரி..."

அவள் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, அது அன்றைக்கு மட்டும் சேர்ந்தது இல்லை. கையை முன்துணியில் துடைத்தாள். தெளிந்த நீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். அடுக்களைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் வழிவிட்டேன். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். திரைக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நுழைந்து, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சோற்றுக் கிண்ணம் அவளுக்கு நேர் முன்னால்; நீர்க் கிண்ணத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். முன்னோர் பேர் எழுதி ஒட்டின தாள் அவள் தலைக்கு மேலே.

"என்னம்மா பண்ற?"

"சோறு சுவத்தப் பாக்கணும்னீங்க, பாக்குது. ஆளப் பாக்கணும்னாரு மாமா, பாக்குது. பழம் அது அது எடத்துல இருக்கட்டும். இனிமே ஒருத்தரும் இந்த மேசையத் தொடாதீங்க, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

"அப்ப நாங்க உன்னையா கும்புடறது?"

"உங்கண்ணன் கும்புட்டாரு. அவருக்கு ஒண்ணும் குறைஞ்சிடல."

சித்தப்பா தேயுலைப் பார்த்தார். "உன் பொண்டாட்டிய எழுந்திரிக்கச் சொல்லுடா."

தேயுல் சித்தப்பாவைப் பார்த்தான், பொங்சுனைப் பார்த்தான். சரி என்று சொல்லி நழுவ அங்கே சந்து இல்லை. காது சிவந்துவிட்டது அவனுக்கு. கையில் இருந்த கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டு மேசையின் மறுபக்கமாகச் சுற்றிப் போனான். திரை ஆடியது.

"கொஞ்சம் நகரு" என்றான்.

"எங்க நகர்றது, சுவத்துக்குள்ளயா?" என்றாள். ஆனாலும் நகர்ந்தாள்.

இந்தப் பக்கம் சித்தப்பா ஒருவர் மட்டும்.

"நான் தனியாவா?"

"இங்க வாங்க சித்தப்பா, எடம் பண்ணலாம்" என்றான் தேயுல். அவன் வாயில் இருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

"சீ!" என்று சொல்லி வெளியே நடந்தார். ஒரு காலை ரப்பர் செருப்பில் நுழைத்தார். மறு காலை நுழைக்கவில்லை. பிள்ளைகள் பூசானில் இருக்கிறார்கள், பண்டிகைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் அடுப்பு பற்றவைக்கக்கூட ஆள் இல்லை. தெருவில் எல்லா வீட்டிலும் படையல் வாசனை. உள்ளே சூப்பில் ஆடை படிந்துகொண்டிருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் சாப்பிடவும் இல்லை.

கடைசியில் செருப்பை உதறிவிட்டுத் திரும்பி வந்தார்.

"கண்ண மூடிக்கோ" என்றார் பொங்சுனிடம். "எங்கண்ணனக் கும்புடறப்ப நீ என்னப் பாக்கறது எனக்குப் பிடிக்கல."

அவள் மூடிக்கொண்டாள். எப்படியும் மனசுக்குள் வானத்திடம் சொல்ல மூடத்தான் வேண்டும். தேயுலும் மூடினான். சித்தப்பா குனிந்தார், எழுந்தார். இரண்டாவது முறை குனிந்தவர் எழவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். நெற்றி பாயில் இருக்க, "அண்ணே" என்று ஒரு தடவை சொன்னார். நான் திரும்பி வந்து எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு பொங்சுன் என்னையும் உள்ளே கூப்பிட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்தப்பா மலைக்கீரையில் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்ல."

பழக்கம் விடுமா, எல்லாரும் பொங்சுனைப் பார்த்தோம். நானும்தான். அவள் தன் கிண்ணத்தில் ஒரு கரண்டி சோறு எடுத்து மெதுவாக மென்றாள். கொஞ்சம் பொறுத்து தேயுல் எழுந்து போனான். அடுக்களையில் ஏதோ உருண்டது.

"ஹேரான் அம்மா, உப்பு எங்க?"

"ஜாடியில."

"எந்த ஜாடி?"

"இத்தன வருஷமா அதே ஜாடிதான்."

ஒரு மூடி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"அவனுக்குக் கெடைக்காதும்மா" என்றார் சித்தப்பா எரிச்சலோடு. "போயி எடுத்துக் குடு."

"கெடைக்கும், சின்ன மாமா. கொஞ்சம் நேரமாகும்" என்றாள் பொங்சுன். "அதுவரைக்கும் கொழுக்கட்ட எடுத்துக்கங்க."