ரோஜாவின் வெறும் வயிறு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பொய்யிலிருந்து கிடைத்தது. பொய் என்னுடையதல்ல, ரோஜாவின் அம்மா அன்புச்செல்வியுடையது. திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் அண்ணனுக்குத் துணையாகத் தங்கியிருந்தேன். பக்கத்துக் குழந்தைகள் வார்டில் நர்ஸ் அருணா அவளிடம் கேட்டாள்:

"எக்கா, காலையில கொழந்தைக்கு எதனா குடுத்தியா?"

"பச்சத் தண்ணிகூட குடுக்கல சிஸ்டர்."

ஐந்து வயது ரோஜாவின் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுத்தார்கள். கேப்பைக் கூழ் வந்தது.

2.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "இருமல் என்பது உடலின் இருண்ட..." சீ, வேண்டாம். விஷயத்துக்கு வருகிறேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் என்று மாத்திரை கொடுத்து நான்கு மாதமாகியும் ரோஜாவின் எடை பதினான்கிலிருந்து பன்னிரண்டு கிலோவுக்கு இறங்கியிருந்தது. அவளுக்குள் இருக்கும் கிருமியின் மரபணுவைப் படித்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும். படிக்கக் கிருமி வேண்டும்.

(சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றிலிருந்து எடுப்பது. அருணா சொல்லித்தான் எனக்கே தெரியும்.)

கிடைத்ததோ, இரண்டு நாளும் கூழ்.

3.

அன்புச்செல்வியை விவரம் தெரியாத தாயாக எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"பசியில என் மொகத்தையே பாத்துக்கினு கெடக்குது சிஸ்டர். எப்டி சும்மா இருக்கறது?"

அருணா திட்டவில்லை. "சரிக்கா. நாளைக்கு கூழுத் தூக்க எங்கிட்ட குடுத்துடு. எடுத்த ஒடனே நானே ஊட்டுறேன்."

மூன்றாம் நாள் தூக்குவாளி நர்ஸ் மேசையில் இருந்தது. அன்புச்செல்வி மகளின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குழாயில் கூழ் இல்லாமல் சளி கலந்த நீர் ஏறியது. நான் கை தட்டிவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

4.

இங்கே, அந்தக் கிருமியின் மரபணுவைப் படித்த விழுப்புரம் ஆய்வுக்கூடத்துக் குமரேசனைக் கதாநாயகனாக்க ஆசைப்பட்டேன். "குமரேசனின் கண்கள் திரையில் ஓடிய எழுத்துகளை..." வேண்டாம். அவர் அருணாவுக்குப் போனில் சொன்னதே போதும்:

"மாட்டிக்கிச்சும்மா! இப்ப குடுக்கற மருந்துல ரெண்டு இந்தக் கிருமிகிட்ட எடுபடாது. எடுபடறது எதுன்னு டாக்டருக்கு லிஸ்ட் அனுப்பிட்டேன்."

(சளியில் இருந்த மற்ற நுண்ணுயிர்களின் பட்டியலும் வந்தது, மூன்று பக்கம். ஒரு சின்னப் பிள்ளைக்குள் இத்தனை குடித்தனமா என்று மலைத்துப்போனேன். கதையில் இடமில்லை.)

மருந்தை மாற்றிய மூன்றாம் மாதம் ரோஜா பதினைந்து கிலோ. ஜெயித்துவிட்டோம்! 'ஜெயித்துவிட்டார்கள்' என்றுதான் எழுத வேண்டும். போகட்டும், நானும் அந்தப் பக்கம்தான்.

5.

முடிவு. இலக்கியத்தரம் வேண்டுமென்று ரோஜா இறந்துபோவதாக ஒன்று எழுதி, அன்புச்செல்விக்குப் போனில் படித்தும் காட்டினேன். புத்தி கெட்டவன்.

"எம்பொண்ணு சாவறாளா? அவ வெளிய ஓடிக்கினு இருக்கா, நீங்க குந்திக்கினு சாவடிக்கிறீங்களே! அத்த கிழிங்க மொதல்ல!"

கிழித்தேன். சத்தம் கேட்கட்டும் என்று போன் பக்கத்தில் வைத்தே கிழித்தேன்.

மருந்து முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் முடிவெழுத எனக்கு உரிமையில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை டாக்டராக்குங்கள், கபடி ஆட விடுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் எழுதியதை முதலில் அன்புச்செல்விக்குப் படித்துக் காட்ட வேண்டும்.