அகல டயர்

மாமனார் சடையப்பன் நிலத்தை விற்றுச் சீராகக் கொடுத்த கார். ஓசியில் வந்த காருக்குச் செந்தமிழ்செல்வன் அகல டயர் கேட்டான்.

“கம்பெனி வீலுக்கு 165 அகலம்தான் சார் சரி. 195 போட்டா, பின்சீட்டுல ஆள் ஏறினா டயர் பாடியில உரசும்,” என்றார் கடலூர் டயர்கடைக்காரர்.

“பாக்க கெத்தா இருக்கணும். போடுங்க.”

மறுநாள், மூட்டு ஆபரேஷன் ஆன சடையப்பனைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பள்ளத்துக்குப் பள்ளம் டயர் கரகரவென்று உரசியது. ஆலப்பாக்கத்தில் செல்வன் வண்டியை நிறுத்தினான்.

“புது டயர் வீணாப்போவுது மாமா. நீங்க பஸ்ல வந்துடுங்க.”

அவர் கைத்தடியை ஊன்றி இறங்கினார். முன்சீட்டில் அவர் மகள் சந்திரலேகா அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த பள்ளம் வந்தது, போனது.

“பாத்தியா,” என்றான் அவளிடம், “சத்தமே இல்ல.”