கடற்குதிரைக்கு உறவுச் சான்றிதழ்

எங்கள் அலுவலகத்தில் மீன்களுக்கு உறவுச் சான்றிதழ் கொடுக்கிறோம். காலை பத்திலிருந்து ஒரு மணிவரை விண்ணப்பம் வாங்குவோம். வரிசையில் நிற்பவர்கள் அவரவர் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை இன்னாசி வந்தார். அவர் கடற்குதிரை. ஊறுகாய் ஜாடிக்குள் விளிம்பை வாலால் பிடித்தபடி டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். நிறைமாதம். அவர்கள் குடும்பத்தில் ஆண்கள்தான் பிள்ளை பெறுவார்கள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள சான்றிதழ் வேணும் சார். இல்லன்னா பிள்ளைகளுக்கு லாடம் அடிச்சிருவாங்க."

பழைய பதிவேட்டைத் திறந்தேன். உருவத்தைப் பார்த்து எழுதிய பதிவேடு அது. நீண்ட முகம், வளைந்த கழுத்து, ஆகவே குதிரை என்று இருந்தது. குதிரைப் பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்குப் பிறந்த அன்றே லாடம் அடிப்பது விதி. போன வருடம் இன்னாசிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். லாடத்தின் எடையில் அத்தனையும் சேற்றுக்குள் போய்விட்டன. அதை அவர் அழுதபடி சொல்லி முடித்தபோது ஜாடியில் தண்ணீர் ஒரு விரல் உயர்ந்திருந்தது.

"யாருக்குச் சொந்தம்னு நெனைக்கீங்க?" என்று கேட்டேன்.

"சூரை மீன் வீட்டுக்கு."

ஆய்வுக்கூடத்தைக் கவனிக்கும் செலஸ்தின் அக்கா அதை விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டாள்.

இப்போது மரபணுவைப் படித்துத்தான் உறவுமுறை சொல்கிறோம். ஒவ்வொரு உடம்புக்குள்ளும் நான்கே எழுத்துகளில் ஒரு நீண்ட கடிதம் இருக்கிறது. தலைமுறைதோறும் படியெடுக்கையில் அங்கங்கே எழுத்து மாறும். ஒரே மாற்றத்தைச் சுமப்பவர்கள், அது நடந்த அன்று ஒரே வீட்டில் இருந்தவர்கள்.

மறுநாள் சூரைகளின் தலைவர் தொபியாஸ் தண்ணீர் லாரியில் வந்தார். முதுகுத் துடுப்பைத் தோகைபோல் விரிக்கும் மயில்மீன் ஒருவர் துணைக்கு வந்திருந்தார்.

"நான் இலங்கைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள இந்த ஆளு ஒரு பாசியத் தாண்ட மாட்டாரு," என்றார் தொபியாஸ். "எனக்குச் சொந்தம் இந்த மயில்மீன்தான். வேகத்தப் பாத்தாலே தெரியுதுல்ல?"

"படிச்சுப் பாக்கத் துடுப்புல ஒரு துணுக்குதான் கேக்கேன் அண்ணாச்சி," என்றார் இன்னாசி.

"சொந்தமில்லன்னா கொடுக்கதுக்கு என்ன?" என்றாள் அக்கா.

தொபியாஸ் லாரிக்குள் மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு துடுப்பை நீட்டினார். மயில்மீனும் நீட்டினார்.

புதன்கிழமை அவர்கள் கடிதங்களில் ஐந்து இடங்களைப் படித்தோம். இரண்டு ஆமாம் என்றன, இரண்டு இல்லை என்றன, ஒன்று வாயே திறக்கவில்லை. வியாழன் காலை இன்னாசிக்கு வலி கண்டது. "ஆயிரம் இடத்தப் படிப்போம்," என்றாள் அக்கா. அவள் வாசித்தாள், நான் எழுதினேன். வரிசையில் நின்ற நெத்திலிகள் அவளுக்குக் காபி வாங்கி வந்தன.

வெள்ளி பதினொன்றே முக்காலுக்கு உறவு மரத்தைச் சுவரில் வரைந்தோம். இடம் போதாமல் கிளைகள் கூரைக்கு ஏறின. சூரையும் கடற்குதிரையும் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளில் இருந்தார்கள். மயில்மீன் வெகுதூரம் தள்ளி, மணலில் படுத்தே கிடக்கும் நாக்குமீனோடு இருந்தார். அவர் நாக்குமீனின் முகவரி கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

பதினாறு வருட வேலையில் அன்றுதான் முத்திரையை இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினேன்.

தொபியாஸ் கூரையில் தன் கிளையைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு, "தம்பிய லாரிக்குள்ள விடுங்க. ஜாடியில பெத்தா இடம் பத்தாது," என்றார்.

முந்நூற்று நாற்பது பிள்ளைகள். ஒவ்வொன்றாக வந்து பெரியப்பாவின் துடுப்பை வாலால் பிடித்துக்கொண்டன. வாசலில் லாடக்காரர் சாக்கோடு நின்றிருந்தார். சான்றிதழை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடற்கரைச் சாலையில் இறங்கியது. வரிசை மொத்தமும் வாலால் தரையை அடித்து ஆர்ப்பரித்தது. அக்கா அழுதாள். நானும்தான்.

சாப்பாட்டுக்கு முன் ஒரே ஒரு விண்ணப்பம் மிச்சம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நுரையீரல் மீன் ஒருவர் தண்ணீரில்லாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுத்துகளை மரத்தில் வைத்துப் பார்த்தோம். வரிசையில் நின்ற எந்த மீனையும்விட எனக்கும் அக்காவுக்கும்தான் அவர் நெருக்கம். திங்கள் முதல் புதன்வரை அக்கா வீட்டிலும் மற்ற நாள் என் வீட்டிலும் தங்குவது என்று முடிவானது. அவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"கீழ் அறையா, மாடியா?" என்று கேட்டேன்.

"மாடி," என்றார்.