எனக்கு விழுந்த செவ்வாய்க்கிழமை

ஏழாம் வகுப்பில் வேலைப் பயிற்சிக்கு எனக்குச் செவ்வாய்க்கிழமை விழுந்தது. எங்கள் நடுநிலைப்பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு மொத்தமே ஏழு பேர். புத்தகத்தில் படித்தது போதாது, வெளியே போய் வேலை பார்த்துக் கற்க வேண்டும் என்று எஸ்தர் டீச்சர் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு கிழமை கொடுத்தார். இரண்டு வாரம் அந்தக் கிழமையாகவே இருக்க வேண்டும். என் பக்கத்து பெஞ்ச் கவிநேசனுக்குப் புதன்.

என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. பால்காரர் எழும் முன்னே விடிந்துவிடுவேன். வடகம் காயும் வீடுகளுக்கு வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பேன். சாயங்காலம் காக்கைகளை எண்ணி மரத்தில் ஏற்றுவேன். ஆனால் பயிற்சி நோட்டில் ஒரு கட்டம் இருந்தது: 'உன் நாளில் தொடங்கிய நல்ல காரியம்'. அதில் ஒன்றாவது எழுதினால்தான் எட்டாம் வகுப்பு.

முதல் செவ்வாயில் கட்டம் காலி. ஊரில் ஒருத்தர்கூட ஒன்றையும் தொடங்கவில்லை. புது மாவு மில்லுக்குப் பூஜை போட வந்தவர், "செவ்வாயோ வெறுவாயோம்பாங்க, நாளைக்கு வச்சுக்கிடுவோம்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தேங்காயைத் திரும்பப் பைக்குள் போட்டார். நான் என்ன பாவம் செய்தேன்? எல்லோருக்கும் அதே வெயில், அதே இருபத்துநாலு மணி நேரம். மறுநாள் கவிநேசன் கொட்டாவி விட்டபடி வந்தான். மில் ஓடியது. இரண்டு நிச்சயதார்த்தம் நடந்தது. "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுட்டி" என்று நோட்டை விரித்துக் காட்டினான். கட்டம் நிறைந்து ஓரத்திலும் எழுதியிருந்தான். அத்தனையும் என்னிடமிருந்து தள்ளிப்போட்ட காரியங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துர்க்கை கோயிலில் ராகுகாலத்துக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றினார்களே என்று டீச்சரிடம் சண்டைக்குப் போனேன். "அது பழைய வேண்டுதல், தொடக்கம் இல்லை" என்றார்.

சலூன் பேச்சிமுத்து அண்ணாச்சி ஒருவர்தான் எனக்காகப் பேசினார். செவ்வாய் அவர் கடைக்கு லீவு. "ஆறு நாளும் நின்னு நின்னு காலு வீங்கிருது தாயி. உன் நாள்லதான் மனுசனா படுக்கேன்" என்றார். டீச்சர் அதையும் ஏற்கவில்லை. தூக்கம் காரியம் ஆகாதாம்.

இரண்டாவது செவ்வாய்தான் கடைசி. மாலை நாலரைக்கு நான் வெயிலை மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி ஓடிவந்தார். அவர் மகள் உமையாளுக்கு ஆஸ்பத்திரியில் வலி எடுத்திருந்தது. இன்னும் ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிள்ளை என் பக்கமும் விழலாம், கவிநேசன் பக்கமும் விழலாம்.

"சம்மந்தி வீட்ல செவ்வாய்ப் பிள்ளை வேண்டாம்னு சொல்லுதாவ. நீ வெரசா, பத்து மணிக்கே முடிஞ்சிரு தாயி. புதன்ல பொறந்துட்டுப் போகட்டும்."

போன வாரம் முழுநாளும் என்மேல் படுத்துக் குறட்டை விட்ட மனிதர்!

"தூங்க மட்டும் நான் வேணும், பிள்ளை பொறக்க வேண்டாமா அண்ணாச்சி?" என்றேன்.

நான் முடியவே இல்லை. நாலரை மணியை மடியில் வைத்துக்கொண்டு பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் முழுக்க நாலரையிலேயே நின்றது. டீக்கடையில் சாயங்கால வடை தீர்ந்து, மறுபடி போட்டு, மறுபடியும் தீர்ந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். கவிநேசன் தன் விடியலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றான்.

"நேரமாச்சு, எந்திரிட்டி. விடியல் திரிஞ்சு போயிரும்."

"திரிஞ்சா திரியட்டும்."

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கடைசியில் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை என்று நர்ஸ் எழுதினார். அண்ணாச்சி பிள்ளையை வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியே உன்ன மாதிரி முறைக்கா தாயி" என்றார். நான் எழுந்து, மிச்ச சாயங்காலத்தையும் ராத்திரியையும் மளமளவென்று முடித்துவிட்டுக் கவிநேசனுக்கு இடம் விட்டேன்.

நோட்டில் எழுதிக் கொண்டுபோனேன். காரியத்தைத் தொடங்கியவர் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்றார் டீச்சர். அதற்கும் ஓடினேன். குழந்தை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, இனிஷியலோடு கையெழுத்துப் போட்டது.

எட்டாம் வகுப்புக்கு மாதங்கள். கவிநேசனுக்குத் தை விழுந்தது. எனக்கு ஆடி. காற்றை மூட்டை கட்டும் வேலையை வருகிற செவ்வாய்க்கிழமை தொடங்குகிறேன்.