இடப்பக்கச் சுருக்கம்

பல் டாக்டர் தன் வரவேற்பறை நாற்காலியைத் தானே தூக்கிவந்து குஷன் பட்டறை நடுவில் வைத்தார்.

"நாப்பது நாள்கூட ஆகல. புதுத் துணி போட்ட நாற்காலியா இது? எங்க தாத்தா கன்னம் மாதிரி தொங்குது."

அவள் குனிந்து பார்த்தாள். இருக்கையின் இடப்பக்கத்தில் துணி தொய்ந்து சுருங்கியிருந்தது. வலப்பக்கம் கணவன் துணியை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பான், இடப்பக்கம் அவள். பதினாறு வருடமாக அப்படித்தான்.

"நாளைக்குள்ள சரி பண்ணிடறோம் சார்," என்றான் கணவன். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவன் வெளியூர் போகிறான். பஸ் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பெட்டி கட்டியாகிவிட்டது. ஏன் போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு படுக்கையறை விஷயத்துக்குப் போகும்.

ஒரு காலத்தில் அவள் பிடிக்குப் பட்டறையே சலாம் போடும். "பயில்வான், இதைக் கொஞ்சம் இழு," என்பான் கணவன். அந்தப் பேரை அவன் விட்டுப் பல மாதமாகிறது.

போன வருடம் கட்டிகளுக்காகக் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். புண் ஆறியது. அதன்பின் என்ன தூங்கினாலும் அசதி போகவில்லை. சீப்பில் முடி கொத்தாக வந்தது. அவன் கை தோளில் பட்டால் ஆசையும் வருவதில்லை, வெறுப்பும் வருவதில்லை. யாரோ சட்டையைத் தொட்டதுபோல இருக்கும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அன்று மதியம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், முந்தின வாரம் கொடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவைக் கேட்டாள்.

"சினைப்பையை எடுத்தா டெஸ்டோஸ்டிரோனும் பாதியாக் குறையும்மா," என்றார் டாக்டரம்மா.

"அது ஆம்பளைங்களுக்குத்தானே?"

"நமக்கும் கொஞ்சம் உண்டு. உங்களுக்கு ரொம்பக் குறைவா இருக்கு. ஆசை இல்லாததுக்குத் தோல்ல பூசற ஹார்மோன் ஜெல் ஒண்ணு தரேன். ஆறு மாசம் பாக்கலாம். ஆனா அசதிக்கும் கை பலம் குறைஞ்சதுக்கும் இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பழையபடி ஆயிடும்னு வாக்கும் தர மாட்டேன்."

திரும்பி வந்தபோது கணவன் நாற்காலியைக் கவிழ்த்து, இடப்பக்கத்துப் பின்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவள் காகிதத்தை நீட்டினாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். படுக்கையறை பற்றிச் சொல்லும்போது மட்டும் நாற்காலிக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவன் காகிதத்தை இரண்டு தடவை படித்தான்.

"பயில்வானுக்கே ஆம்பளை ஹார்மோன் பத்தலையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டான்.

"என்னன்னு சொல்ல? வெக்கமா இருந்துச்சு. நீங்களாவது கேட்டிருக்கலாம்ல?"

அவன் பின்களைக் கிண்ணத்தில் போட்டான். "எட்டு மாசமா நீ வீட்டுக்குப் போனதும் உன் பக்கத்தைப் பிரிச்சு நான்தான் மறுபடி இழுத்து அடிச்சேன்."

"என்ன?"

"உனக்கு வேலையிலயும் மனசில்ல, எங்கிட்டயும் மனசில்ல, அதான் நீ ஏனோதானோன்னு இழுக்கறேன்னு நெனச்சேன். அந்தத் தொழிற்சாலையில வேலைக்கு வரேன்னு கையெழுத்துப் போட்ட அன்னைக்கு வந்தது இந்த நாற்காலி. எக்கேடோ கெடட்டும்னு இதை மட்டும் அப்படியே விட்டுட்டேன்."

அப்படியானால் எட்டு மாதமாக நன்றாக வந்த வேலை எதுவும் அவளுடையது இல்லை. அவளுடையது இது ஒன்றுதான். அவள் அந்தச் சுருக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"போகாம இருக்க முடியாதா?"

"ஒரு வருஷத்துக்கு எழுதிக் குடுத்திருக்கேன். மாசம் ஒரு தடவை வருவேன்." காகிதத்தை மடித்து அவளிடம் கொடுத்து, "அந்த ஜெல்லை மறக்காமப் போடு," என்றான்.

நாற்காலி காத்திருந்தது. அவள் துணியின் ஓரத்தைப் பற்றி இழுத்தாள். விரல் நழுவியது. மறுபடி பற்றினாள். அவன் அவள் பின்னால் வந்து, அவள் கைமேல் தன் கையை வைத்து இழுத்தான். துணி விறைத்து நின்றது.

"அடி," என்றான்.

அவள் மறு கையால் ஸ்டேப்ளரை எடுத்துப் பின் அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் உள்ளங்கையின் சூடு அவள் விரல்களில் இருந்தது. ஏதாவது தோன்றுமா என்று காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

கையை மட்டும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை.