மேற்கு எல்லை: இராசையாவின் கதிரை

எண்பதாம் ஆண்டு என் மச்சான் கலீலுர் றஹ்மான் குவைத்தில் இருந்துகொண்டே சீனன்குடாவில் காணி வாங்கப் புறப்பட்டார். மகள் றம்ஸியாவுக்குச் சீதன வீடு கட்டத்தான். மாப்பிள்ளை ஹிஸ்புல்லாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் ஊர் கிண்ணியாவில் வீடு கொடுத்தால் தினமும் கடவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். காணி இருபது பேர்ச், அதில் ஒன்று குறைந்தாலும் கலியாணம் இல்லை என்று மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் மஜீத் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு கலியாணப் பேச்சு முறிந்த பிள்ளை றம்ஸியா.

"பாயிஸ், காணி உறுதிப் பத்திரத்தை நம்பாதே. அளந்து பார்த்து எழுது, பிறகுதான் கையெழுத்து" என்று மச்சான் எனக்கு எழுதியிருந்தார். அந்த வரிக்குக் கீழே மூன்று கோடுகள். ஏதோ நான்தான் காணிக் கள்ளன் என்பதுபோல.

உறுதியில் மூன்று எல்லைகள் சுத்தம். மேற்கே மட்டும் 'அரசாங்கத் தடைப்பகுதி' என்று இருந்தது. வேலியும் இல்லை, கல்லும் இல்லை. ஒரு வாகை மரமும், அதன் நிழலில் கதிரை போட்டு இருக்கும் காவலாளி இராசையாவும்தான்.

நில அளவையாளர் கனகசபை காலை எட்டு மணிக்குச் சங்கிலியோடு மேற்கே நடந்தார்.

"அதிலயே நில்லுங்கோ ஐயா," என்றார் இராசையா. "இங்கால தடைப்பகுதி."

"எல்லைக்கோடு எங்க கிடக்கு?"

"அது இரகசியம். எனக்கே காட்டேல்லை."

"அப்ப எப்பிடி மறிக்கிறீங்கள்?"

"கதிரையில இருந்து பத்துக் காலடிக்குள்ள ஆர் வந்தாலும் மறிப்பன்."

கனகசபை நின்ற இடத்திலேயே ஆப்பு அடித்தார். இருபத்துநான்கு பேர்ச். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மனிதர் சரிபார்க்க வேண்டுமென்று பின்னேரமும் வந்தார். படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. வெயில் மேற்கே சாய, நிழல் கிழக்கே வந்திருந்தது. நிழலோடு கதிரையும் வந்திருந்தது. இப்போது பதினாறு பேர்ச். காலையில் அடித்த ஆப்பு இராசையாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அதைப் பிடுங்கப் போக அனுமதியில்லை.

"முப்பது வருசமா அளக்கிறன்," என்றார் கனகசபை. "தேத்தண்ணி நேரத்துக்குச் சுருங்கிற காணியை இண்டைக்குத்தான் கண்டனான்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தானே வந்து அளப்பதாக அப்துல் மஜீத் சொல்லியனுப்பினார். காலையில் வரச் சொல்லிப் பார்த்தேன். சந்தேகம் கூடியதுதான் மிச்சம்.

வழி கண்டவள் றம்ஸியாவின் உம்மா, என் ராத்தா நஜ்முன் நிஸா. மரத்துக்கு மேற்கே ஒரு கிடுகுப் பந்தல் போட்டால் இராசையா அங்கேயே இருப்பார் என்றாள். நாங்கள் உள்ளே போகக்கூடாது என்பதால் கம்பையும் கிடுகையும் வெளியே வைத்தோம். இராசையாவே இழுத்துக்கொண்டுபோய் நட்டார்.

வெள்ளிக்கிழமை இருபத்தொரு பேர்ச் வந்தது. ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்று அப்துல் மஜீத் என்னை முறைத்தார். அன்றே குவைத்துக்குத் தந்தி அடித்தேன். வீடு எழும்பியது, கலியாணமும் நடந்தது. குசினியை மேற்குப் பக்கம் கட்டியது என் புத்தி.

அடுத்த வருடம் கச்சான் காற்று பந்தலைத் தூக்கிக்கொண்டு போனது. இராசையா பழையபடி மரத்தடிக்கு வந்தார். நாலு மணிக்குக் கதிரை குசினிக் கதவிலிருந்து ஆறு காலடியில் இருந்தது.

"பிள்ளை, வெளியில வாங்கோ. நீங்கள் நிக்கிறது தடைப்பகுதி."

"அடுப்பில மீன் கிடக்குதே," என்றாள் றம்ஸியா.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

நல்ல மனிதர். உப்பும் பார்த்து இறக்கி வைத்தார். சட்டியை வெளியே கொடுக்கத்தான் அவருக்கு அதிகாரம் இல்லை.

அன்றைக்கென்று மச்சானின் கடிதம் வந்தது. மகள் சுகமா, காணி அளவில் பிரச்சினை ஒன்றுமில்லையே என்று கேட்டிருந்தார். நான் வீட்டின் முன்மண்டபத்தில் இருந்து பதில் எழுதினேன்.

"மகள் சுகம். காணி இருபத்தொரு பேர்ச், குறைவில்லை. குவைத்திலிருந்து வேறு சாமான் ஒன்றும் வேண்டாம். கடற்கரையில் வெள்ளைக்காரர் நட்டு வைக்கும் பெரிய குடை ஒன்று மட்டும் கெதியாக அனுப்புங்கள். குசினிக்கு அடுத்தது அவளுடைய அறை."